ஒஹிய எலி: திரும்பத் திரும்பக் கேட்கப்படும் கேள்விகள்

அப்புத்தளைப் பக்கம் ஒரு தோட்டப் பாடசாலையில் விஞ்ஞானம் படிப்பிக்கிறேன். ஒரு தவணையில், இலங்கைக்கே உரிய விலங்குகள் என்ற பாடத்துக்கு உதாரணமாக இந்த எலியைச் சொல்லிவிட்டேன். அன்று பிடித்தது. பிள்ளைகள் வீட்டில் போய்ச் சொல்ல, பெற்றோர் கூட்டத்தில் கேள்வி, பஸ்ஸில் கேள்வி, மரக்கறித் தோட்டம் வைத்திருப்பவர்களிடமிருந்து கேள்வி. எல்லாம் ஏறக்குறைய ஒரே கேள்விகள்தான். ஒவ்வொரு தடவையும் முதலிலிருந்து சொல்வதைவிட எழுதி வைத்துவிடலாம் என்று தோன்றியது. கேள்விகளைக் கேட்டவர்கள் கேட்டபடியே போட்டிருக்கிறேன்.

சேர், ஒஹிய எலி, ஒஹிய எலி என்கிறீங்களே, அது என்ன எலி?

இலங்கையின் ஈரமான மலைக்காடுகளில் மட்டும் வாழும் ஒரு சின்னக் காட்டெலி. தலையும் உடலும் சேர்த்து ஏறக்குறைய 15 சென்ரிமீற்றர். வால் அதைவிடச் சற்று நீளம். முதுகு உருக்குச் சாம்பல் நிறம், வயிறு பால் கலந்த வெள்ளை. இரண்டு நிறமும் மெல்ல மெல்லக் கலக்காமல் விலாவில் கோடு கிழித்ததுபோல் பிரியும். மயிர் மென்மையானது, ஆனால் இடையிடையே தட்டையான முள்மயிர்கள் இருக்கும்.

விஞ்ஞானப் பெயர் ஸ்ரீலங்காமிஸ் ஒஹியென்சிஸ். சிங்களத்தில் ஒஹிய மீயா. பகலில் வெளியே வராது, இரவில்தான் நடமாட்டம், அதுவும் பெரும்பாலும் தரையில்.

எலிதானே? இதுல படிக்க என்ன இருக்கு?

பேரினம் என்ற சொல்லைத் தெரிந்துகொண்டால் விடை சுலபம். தேயிலையும், துரை பங்களா வாசலில் பூவுக்காக வளர்க்கும் கமேலியாவும் இரண்டு இனம், ஆனால் ஒரே பேரினம். ஒரே குடும்பத்து அண்ணன் தம்பி மாதிரி. வீட்டெலி சேர்ந்த ரட்டஸ் பேரினத்தில் அறுபதுக்கும் மேற்பட்ட இனங்கள் உண்டு. அதில் ஒன்று போனாலும் மற்றவை இருக்கும்.

ஒஹிய எலியின் பேரினத்தில் அது ஒன்றுதான். அண்ணனும் இல்லை, தம்பியும் இல்லை. அந்தப் பேரினம் முழுவதும் இந்தத் தீவின் மலைக்குள் அடங்கிவிடுகிறது. சிறுத்தை ஆபிரிக்காவிலும் உண்டு, யானை இந்தியாவிலும் உண்டு. இது அப்படியில்லை. நான் பாடத்தில் இதை எடுத்ததற்குக் காரணமே அதுதான்.

எங்க லயத்துக் கூரையில ராத்திரி ஓடுறதும் இதுதானா?

இல்லை. லயத்துக் கூரை, கடை மூட்டை, கோழிக்கூடு, பங்களா சமையலறை, இங்கெல்லாம் திரிவது வீட்டெலி. ஒஹிய எலி காட்டைவிட்டு மனிதர் வீட்டுக்குப் பழகிய பிராணி அல்ல.

வித்தியாசம் காண வாலைப் பாருங்கள். வீட்டெலியின் வால் மேலும் கீழும் ஏறக்குறைய ஒரே கறுப்பு. ஒஹிய எலியின் வால் மேற்பக்கம் கறுப்பு, அடிப்பக்கம் வெள்ளை. வயிற்றை மட்டும் பார்த்து முடிவு கட்டாதீர்கள், ஏனென்றால் இலங்கை வீட்டெலிகளிலும் வெள்ளை வயிறு உள்ளவை உண்டு. நானே அப்படி ஒரு தடவை ஏமாந்திருக்கிறேன். பாடசாலைக் களஞ்சிய அறையில் செத்துக்கிடந்த ஒன்றின் வெள்ளை வயிற்றைக் கண்டு பிள்ளைகளைக் கூட்டி ஒரு பிரசங்கமே செய்தேன். பிறகு திருப்பிப் பார்த்தால் வால் முழுக்கக் கறுப்பு.

மூஞ்சூறும் இதுவும் ஒண்ணா?

மூஞ்சூறு எலியே இல்லை. கொறித்துத் தின்னும் பிராணிகளுக்கு முன்னால் உளி மாதிரி இரண்டு சோடிப் பற்கள், தேயத் தேய வளர்ந்துகொண்டே இருக்கும். மூஞ்சூறுக்கு அது கிடையாது. கூரான சின்னப் பற்கள், நீண்ட மூக்கு, சின்னக் கண், பூச்சி புழுதான் சாப்பாடு. நம் மலையில் அபூர்வமான மூஞ்சூறுகளும் இருக்கின்றன, ஆனால் அது வேறு கதை.

யார் கண்டுபிடிச்சது? ஏன் ஒஹியா என்று பேர் வைச்சாங்க?

டபிள்யூ. டபிள்யூ. ஏ. பிலிப்ஸ் என்ற தேயிலைத் தோட்டத் துரை 1929-இல் விவரித்துப் பெயர் வைத்தார். மாதிரி கிடைத்த இடம் ஒஹியாவில் உள்ள வெஸ்ட் அப்புத்தளைத் தோட்டம், ஏறக்குறைய 6,000 அடி உயரம். அதனால் ஒஹியென்சிஸ், அதாவது ஒஹியாவுக்குரியது. பதுளை ரயிலில் போகிறவர்களுக்கு இடம் தெரிந்திருக்கும்: பட்டிப்பொல தாண்டி, சுரங்கத்துக்குள் புகுந்து வெளியே வந்தபின் வருகிற சின்ன நிலையம்.

பிலிப்ஸ் பல்கலைக்கழக ஆள் அல்ல. தோட்டத்தை நடத்திக்கொண்டே விலங்கு பார்த்தவர். 1935-இல் இலங்கைப் பாலூட்டிகளைப் பற்றி அவர் எழுதிய கையேடு இன்றும் இத்துறையில் முதலில் புரட்டுகிற நூல். ஒன்று மட்டும் நான் சேர்த்துச் சொல்வதுண்டு. தோட்டத்தில் மலைக்கு மலை ஏறி இறங்கியவர்கள் நம் ஆட்கள். எந்த வடிகானில் எந்த வளை, எந்தப் பாறைக்கடியில் என்ன இருக்கிறது என்று அவர்களுக்குத் தெரியாமல் இருந்திருக்காது. பெயர் வைக்கிற வேலை மட்டும் துரையிடம் இருந்தது.

முதல்ல வீட்டெலிக் கூட்டத்துல சேர்த்திருந்தாங்களாமே. பிறகு ஏன் மாத்தினாங்க?

ஆமாம். பிலிப்ஸ் இதை ரட்டஸ் ஒஹியென்சிஸ் என்றார். அந்தக் காலத்தில் எலி மாதிரி தெரிகிற பலவற்றையும் ரட்டஸ் என்ற ஒரே சாக்குக்குள் போட்டுக் கட்டிவிடுவது வழக்கம்.

நியூயோர்க்கில் அமெரிக்க இயற்கை வரலாற்று அருங்காட்சியகத்தில் வேலை செய்த கய் முஸ்ஸர் என்ற ஆய்வாளர் அந்தச் சாக்கை அவிழ்த்துக் கொட்டினவர்களில் ஒருவர். மண்டையோடு, பல் இவற்றை ஒப்பிட்டுப் பார்த்து, இது ரட்டஸ் அல்ல, தனிப் பேரினம் என்று 1981-இல் பிரித்து வைத்தார். பெயர் வைத்து 52 வருடத்துக்குப் பிறகு. அவர் வைத்த பெயரில் நாட்டின் பெயரே இருக்கிறது: ஸ்ரீலங்காவோடு, எலியைக் குறிக்கும் கிரேக்கச் சொல்லான மிஸ் சேர்ந்தது. சிலோன் என்ற பெயர் 1972-இல் போனதால்தான் இப்படி ஒரு பெயர் கிடைத்தது. பத்து வருடம் முந்தியிருந்தால் என்ன பெயர் வந்திருக்குமோ!

நீலகிரியில் இல்லையா? அங்கேயும் இதே குளிர், இதே தேயிலைதானே?

இல்லை. தேயிலையும் குளிரும் ஒன்றாக இருக்கலாம், காட்டின் கதை வேறு. பனியுகங்களில் கடல் மட்டம் இறங்கியபோது இலங்கையும் இந்தியாவும் நிலத்தால் சேர்ந்திருந்தன. ஆனால் சேர்ந்த இடம் வடக்கே, மன்னார்ப் பக்கம். அது வெப்பமான வறண்ட சமவெளி. ஈரக் காட்டுக்குள்ளேயே பிறந்து வளர்கிற சின்னப் பிராணிக்கு அந்தச் சமவெளி கடலைப் போலத்தான். யானை நடந்து போகும், எலி போகாது. அப்படி நெடுங்காலம் தனித்து நின்றதால்தான் இலங்கை மலைக்கென்றே தவளை, பல்லி, மீன், எலி என்று இத்தனை தனி இனங்கள்.

இன்னொரு வேடிக்கை. முஸ்ஸர் இந்த எலியை ஒப்பிட்டுச் சேர்த்து வைத்தது தென்கிழக்காசியக் காட்டெலிகள் சிலவற்றோடு. அடுத்த வீட்டை விட்டுவிட்டு எங்கோ தூரத்தில் சொந்தம்.

நெலு பூத்தா எலி பெருகும் என்று எங்க பாட்டி சொல்லும். அது இந்த எலிதானா?

பாட்டி சொன்னது சரி, எலிதான் வேறு. நெலு என்பது நம் மலைக்காட்டில் மரங்களுக்கடியில் புதராக வளரும் செடி. நீலகிரிக் குறிஞ்சிக்குச் சொந்தம். பல வருடம் பூக்காமல் இருந்து, ஒரு வருடம் காடு முழுக்க ஒன்றாகப் பூத்து, விதை உதிர்த்து, செத்துவிடும். ஹோட்டன் சமவெளியில் 2013-இல் அப்படிப் பூத்தது. விதை உதிர்கிற காலத்தில் காட்டுக்கோழி கூட்டமாக வரும், எலிகளும் பெருகும். தின்னத் தின்னத் தீராத சாப்பாடு இருந்தால் குட்டிகள் பிழைக்கும், அவ்வளவுதான். விதை தீர்ந்ததும் அத்தனை வயிறும் வேறு இடம் தேடும்.

இதோடு சேர்த்துப் பேசப்படும் எலிகள் இரண்டு. ஒன்று, நெலுவின் பெயரையே ஆங்கிலத்தில் தாங்கி நிற்கும் மலை எலி. ரட்டஸ் மொன்டானஸ் என்று இதையும் பிலிப்ஸ்தான் 1932-இல் விவரித்தார். இதுவும் இலங்கை மலையில் மட்டும் உள்ளது, ஆனால் இது உண்மையான ரட்டஸ். ஒஹிய எலியோடு ஒரே காட்டில் இருப்பதால் குழப்பம் சகஜம். முன்னே சொன்ன வால் அடையாளம் இங்கேயும் உதவும்.

மற்றது கோப்பி எலி. புல்லிலும் புதரிலும் தடம் போட்டு ஓடுவது, இந்தியாவிலும் உள்ளது. இலங்கையில் பிறந்த இராணுவ வைத்தியர் கெலாட், நுவரெலியாவில் கண்டதை 1850-இல் விவரித்தார். கோப்பித் தோட்டங்களில் படையெடுத்தது என்று பழைய எழுத்துகள் சொல்வது இதைத்தான். உங்கள் பாட்டிக்கு அவருடைய பாட்டி சொன்ன எலி பெரும்பாலும் இதுவாக இருக்கும்.

கோப்பிக் காலத்துல நம்ம ஆளுங்க எலி தின்னாங்க என்று எழுதி வைச்சிருக்காங்களாமே, உண்மையா?

எழுதி வைத்திருக்கிறார்கள். 1845 முதல் 1850 வரை இலங்கையில் குடியேற்ற நாட்டுச் செயலாளராக இருந்த எமர்சன் டெனன்ட், 1861-இல் வெளியான தம் நூலில் கோப்பி எலியைப் பற்றி விவரமாக எழுதுகிறார். பூவையும் மொட்டையும் எட்டுவதற்காக மெல்லிய கிளையை வெட்டிக் கீழே விழுத்தித் தின்னும், வெட்டு கத்தியால் அறுத்ததுபோல் சுத்தமாக இருக்கும், ஒரே தோட்டத்தில் ஒரே நாளில் ஆயிரம் வரை கொன்றிருக்கிறார்கள், என்றெல்லாம். அப்புறம், தென்னிந்தியக் கூலிகள் அதைத் தேங்காய் எண்ணெயில் பொரித்தும் கறி வைத்தும் சாப்பிடுவார்கள், எலி வருகிற தோட்டங்களையே வேலைக்கு விரும்புவார்கள் என்றும் சேர்க்கிறார்.

இந்தக் கேள்வியைக் கேட்கும்போது சிலர் குரலைத் தாழ்த்துகிறார்கள். அதற்கு அவசியமில்லை. தஞ்சைப் பக்கம் அறுவடைக்குப் பின் வயலெலி பிடித்துச் சமைப்பது இன்றும் உண்டு. தானியம் தின்று கொழுத்த எலி ஏழை வீட்டுக்குக் கிடைத்த இறைச்சி. கடல் தாண்டி, காட்டு வழியே நடந்து மலையேறி, சம்பளத்தில் அரிசிக்காசு கழிக்கப்பட்ட மனிதர்களுக்கு ஒரு வேளை கறி கிடைத்தது. பொரித்தார்கள், தின்றார்கள் என்பதை நம்புகிறேன். எலிக்காகத் தோட்டத்தைத் தெரிந்தெடுத்தார்கள் என்பது துரைமார் சாப்பாட்டு மேசைப் பேச்சு மாதிரி இருக்கிறது. தெரிந்தெடுக்கிற சுதந்திரம் அவர்களுக்கு எங்கே இருந்தது?

அந்தக் கோப்பி 1869-இல் தலைகாட்டிய இலைத்துரு நோயில் அழிந்தது. எலி அழிக்கவில்லை.

காடு என்றால் எந்தக் காடு? பைனஸ் காட்டுலயும் இருக்குமா?

மேலே போகப் போக மரம் கட்டையாகி, கிளை முறுக்கிக்கொண்டு, தண்டெல்லாம் பாசி போர்த்தி, நடுப்பகலிலும் மூட்டம் இறங்குகிற காடு இருக்கிறதே, அதுதான் இதன் வீடு. அந்தக் காட்டுத் தரையில் மக்கிய இலை தடிப்பாகக் கிடக்கும். விழுந்த மரம், வேர்ப் பொந்து, பாறை இடுக்கு என்று ஒளிய ஆயிரம் இடம். மலைக்காட்டு எலிகளுக்குப் பொதுவாக வேண்டியது விதை, பழம், பூச்சி. எல்லாம் அந்தத் தரையிலேயே கிடைக்கும்.

பைனஸ், யூக்கலிப்டஸ் தோப்புகளைத் தூரத்திலிருந்து பார்த்தால் பச்சையாகத்தான் தெரியும். உள்ளே போனால் காய்ந்த ஊசியிலையையும் சருகையும் தவிரத் தரையில் பெரிதாக ஒன்றும் இராது. எங்கள் பிள்ளைகள் அதையும் காடு என்றுதான் எழுதுகிறார்கள். நான் சிவப்புப் பேனாவால் அடிக்கிறேன்.

கிழங்குத் தோட்டத்தை நாசமாக்குறது இதுதானா? மருந்து வைக்கலாமா?

பெரும்பாலும் அகழான் எலியும் பெருச்சாளியும்தான். மண் குவித்து வளை தோண்டியிருந்தால் அவற்றின் வேலை. காட்டு ஓரத்தில் உங்கள் பாத்தி இருந்தால் ஏதாவது காட்டெலி எட்டிப் பார்க்கலாம், ஆனால் தோட்டத்தையே புரட்டிப் போடுவது ஒஹிய எலியின் குணமல்ல.

மருந்து விஷயத்தில் ஒரு எச்சரிக்கை. கடையில் கிடைக்கிறவற்றில் பல, இரத்தத்தை உறையவிடாமல் செய்து சில நாள் கழித்துக் கொல்லும் வகை. அந்தச் சில நாள் எலி தள்ளாடித் திரியும். தள்ளாடுகிற எலியைப் பிடிப்பது ஆந்தைக்கும் மரநாய்க்கும் சாரைக்கும் வெகு சுலபம். ஒரு எலியை ஒழிக்கப் போய், வருடத்துக்கு நூற்றுக்கணக்கில் எலி பிடிக்கிற ஆந்தையை இழப்பீர்கள். வீட்டுப் பூனையும் போகும். பாத்தி ஓரத்துப் புல்லை வெட்டி, தோண்டியபின் மிஞ்சும் கிழங்கை அப்படியே போடாமல் அள்ளி, பொறி வையுங்கள். காட்டு எல்லையில் மருந்து வைக்கவே வேண்டாம்.

எலிக்காய்ச்சல் இதால வருமா?

எலிக்காய்ச்சல் பக்டீரியாவால் வருவது. எலி, மாடு, நாய் இவற்றின் சிறுநீரில் கலந்து சேற்றிலும் தேங்கிய நீரிலும் இருந்து, காலில் உள்ள காயம் வழியாக உள்ளே போகும். 2008-இல் இலங்கையில் பெரிதாகப் பரவி 7,000-க்கும் மேற்பட்டோர் நோயாளிகளாகப் பதிவானார்கள். முதன்மையாக அது வயல்காரர்களின் நோய். காட்டுக்குள் ஒளிந்திருக்கும் ஒரு எலிக்கும் உங்கள் காலுக்கும் சந்திப்பே நடப்பதில்லை. லயத்துப் பின்னால் ஓடுகிற கானைப் பற்றித்தான் கவலைப்பட வேண்டும்.

சேற்றில் வேலை செய்தபின் காய்ச்சல், கெண்டைக்காலில் கடும் வலி, கண் சிவப்பு, சிறுநீர் குறைவு என்று வந்தால் வீட்டில் கசாயம் குடித்துக்கொண்டு கிடக்காமல் ஆஸ்பத்திரிக்குப் போங்கள். என்ன வேலை செய்தீர்கள் என்பதையும் வைத்தியரிடம் சொல்லுங்கள்.

ஹோட்டன் சமவெளிக்குப் போனா பார்க்கலாமா?

பார்க்க முடியாது. நீங்கள் போவது காலையில், அது தூங்குவதும் அப்போதுதான். உலக முடிவு என்ற செங்குத்துப் பாறை விளிம்புக்குப் போகும் பாதையில் மரை நிற்கும், அதைப் பாருங்கள்.

உயிரோடு நானும் பார்த்ததில்லை. இது ஒஹிய எலிதான் என்று நிச்சயமாக நான் கண்டது ஒரே தடவை. ஒஹிய நிலையத்திலிருந்து மேலே ஏறும் வீதியில், விடியற்காலை, வாகனத்தில் அடிபட்டுக் கிடந்தது. வாலின் அடிப்பக்கம் வெள்ளை.

பிடிச்சுக் கொண்டுவந்தா சொல்லுவீங்களா சேர்?

வேண்டாம். தேசிய பூங்காவிலும் பாதுகாக்கப்பட்ட காட்டிலும் எதைப் பிடிப்பதும் குற்றம். ஆய்வாளர்களே வனசீவராசிகள் திணைக்களத்திலோ வனத் திணைக்களத்திலோ அனுமதி எடுத்து, உயிரோடு பிடிக்கும் பெட்டிப் பொறி வைத்து, அளந்து, விட்டுவிடுகிறார்கள். கடிபடுகிற ஆபத்தும் சின்னதல்ல.

செத்துக்கிடந்தால் கை வைக்காமல் குச்சியால் திருப்பி மூன்று போட்டோ எடுங்கள்: முதுகு, வயிறு, வாலின் அடி. பக்கத்தில் ஒரு பேனாவை வையுங்கள், அளவு தெரியும். இடத்தையும் நேரத்தையும் குறித்துக்கொள்ளுங்கள்.

அழிஞ்சு போகப்போகுதா?

அச்சுறுத்தலுக்கு உள்ளான இனங்களில் ஒன்றாகத்தான் கணக்கிடுகிறார்கள். காரணத்தை நாங்கள் வாழ்கிற மலையே சொல்லும். முதலில் கோப்பிக்காக, பிறகு தேயிலைக்காக, பிறகு மரக்கறிக்காகக் காடு போனது. மிஞ்சியது மலையுச்சித் துண்டுகள். ஒரு துண்டுக்கும் அடுத்ததற்கும் இடையில் தேயிலை, வீதி, நாய், பூனை. இருட்டில் இலைச் சருகுக்கடியில் ஓடிப் பழகிய எலி ஒரு தேயிலை மலையைக் கடப்பது லேசான காரியமல்ல. ஹோட்டன் சமவெளிக் காட்டில் மரங்கள் நின்ற நிலையில் காய்ந்து சாவதும் பல பத்தாண்டுகளாக நடக்கிறது.

நல்லதும் இருக்கிறது. ஹோட்டன் சமவெளி 1988-இல் தேசிய பூங்காவானது. 2010-இல் அதுவும் சிவனொளிபாத மலைக் காடும் நக்கிள்ஸ் தொடரும் மத்திய மலைநாடு என்ற பெயரில் உலக மரபுரிமைப் பட்டியலில் சேர்ந்தன. எலிக்காக யாரும் அதைச் செய்யவில்லை. பெரியவர்களுக்குக் கிடைத்த நிழலில் இதுவும் நிற்கிறது.

போனாப் போகுது, யாருக்கு என்ன நட்டம்?

இதைக் கேட்டவர் ஒரு கிழங்குத் தோட்டக்காரர், நியாயமாகத்தான் கேட்டார். நாளைக்கே மழை நின்றுவிடும், ஆறு வற்றிவிடும் என்று அவரைப் பயமுறுத்த நான் விரும்பவில்லை, அது உண்மையும் அல்ல. எலி விதை தின்னும், சிலதைத் தின்னாமல் விட்டு முளைக்கவும் வைக்கும். ஆந்தைக்கும் மரநாய்க்கும் சாப்பாடாகும். அதெல்லாம் வேறு எலியும் செய்யும்.

ஆனால் இரண்டாவது கேள்விக்குச் சொன்னதை நினைத்துப் பாருங்கள். வேறு எலி போனால் ஒரு ஆள் போன மாதிரி. இது போனால் ஒரு குடும்பமே போகும். அவரிடம் இப்படித்தான் சொன்னேன்: உங்கள் மலையில் ஒரு கிழங்கு வகை விளைகிறது, உலகத்தில் வேறு எங்கும் இல்லை, விதைக்கிழங்கும் வேறு யாரிடமும் இல்லை, அதை அவித்துத் தின்பீர்களா? கொஞ்சம் யோசித்துவிட்டு, "விலை என்ன போகும்?" என்று கேட்டார்.

தமிழ்ல இதுக்குப் பேரே இல்லையா?

தனிப் பெயர் இல்லை. நம் ஆட்கள் காட்டில் உள்ள எல்லாவற்றையும் காட்டெலி என்ற ஒரே பெயரில் அழைத்துவிடுகிறார்கள். ஒஹிய எலி என்பது நான் மொழிபெயர்த்துச் சொல்வது.

வகுப்பில் ஒரு நாள் பெயர் வைக்கச் சொன்னேன். ஒரு பிள்ளை வெள்ளைவயிறன் என்றாள். உடனே பின்வரிசையிலிருந்து, "வீட்டெலிக்கும் வெள்ளை வயிறு இருக்கென்று சேர்தானே சொன்னீங்க" என்று ஒரு குரல். சரி, வாலை வைத்து இரட்டைவாலன் என்றார்கள். அப்படியென்றால் இரண்டு வால் இருக்கும் என்று நினைப்பார்களே என்று அதே குரல். மணி அடித்துவிட்டது. இன்னும் பெயர் வைக்கவில்லை.